சுவரோரத்து ஆமைகள்

போன மாதம் எங்கள் பிக்கரிங் வீட்டில் எல்லோரும் கூடினோமே, அன்றைக்கு உங்களில் ஒருத்தி மாடிக்குப் போய்விட்டு வந்து, "என்னடியப்பா, உன்ரை வீட்டிலை ஒரு கட்டிலும் சுவரோடை கிடக்கேல்லை, எல்லாம் நடு அறைக்குள்ளை நிக்குது" என்று கேட்டாள். தூசி கூட்ட வசதி என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அதற்குள் கொத்துரொட்டி வந்துவிட்டது, பேச்சும் மாறிவிட்டது.

நான் சொன்னது பொய். ஐம்பது வயதைத் தாண்டின பிறகும் உங்களிடம் எதற்குப் பொய் சொன்னேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கேள்வி கேட்டவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கீழறையில் அம்மாவின் கட்டில் மட்டும் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது. எழும்பும்போது பிடிக்கச் சுவர் வேண்டும் என்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா எங்களுக்கு முன்னாலேயே கனடாவுக்கு வந்து, ரொறன்ரோ பார்க்டேலில் ஏழெட்டுப் பேரோடு ஓர் அறையில் கிடந்தவர். நானும் அம்மாவும் வந்து சேர்ந்ததும் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றை, நிலத்துக்குக் கீழே இருக்கிற தளத்தை, வாடகைக்கு எடுத்தார். ஜூன் மாதம். உங்களில் பாதிப்பேர் பேஸ்மென்ற்றில் வளர்ந்தவர்கள், அந்த மணத்தை நான் விளக்கத் தேவையில்லை. உடுப்பு காயாது. தலையணை எப்போதும் இலேசாக ஈரமாக இருக்கும். எங்கள் அகதி வழக்குக் கடதாசிகள் ஈரத்தில் சுருளத் தொடங்க, அம்மா அவற்றைப் பையில் கட்டி அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார். சோறு போட அரிசி அள்ளும்போதெல்லாம் எங்கள் மூன்று பேரின் விதி கையில் தட்டுப்படும்.

அந்த வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரேயொரு யன்னல். என் கட்டில் கிடந்த சுவரில், கூரையோடு ஒட்டினாற்போல. வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது நிலமட்டம். வந்த மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அந்த யன்னலில் ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிழட்டு முகம். உதடில்லாத வாய். கண்கள் மட்டும் ஈரமாக, அழுது முடித்த கண் மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்க, கீழ் இமை மேலே ஏறி வந்து கண்ணை மூடியது. எங்களுக்கு மேல் இமைதானே கீழே வரும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடு அதிரக் கத்தினேன்.

ஓடி வந்த அம்மா யன்னலைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, ஆமை! இஞ்சாருங்கோ, ஆமை நிக்குது! எங்கை கொண்டு வந்து எங்களை விட்டிருக்கிறியள்?"

அப்பா பாதிச் சவரம் செய்த முகத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். "அது வெளியிலை தானே நிக்குது. பேசாமல் இரு."

"இப்ப வெளியிலை. உள்ளுக்கை வந்தால்?"

வீட்டுக்குள் ஆமை வந்தால் அந்தக் குடும்பம் கெட்டுக் குட்டிச்சுவராகும் என்று அம்மா முழு மனதாக நம்பினார். எங்களிடம் கெட்டுப்போக இருந்தது வழக்கு ஒன்றுதான். அது தோற்றால் திரும்பிப் போக வேண்டும். எங்கே போவது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் ஊரில் எங்கள் வீடிருந்த இடத்தில் வீடில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆமைகள் வீட்டுக்காரருடையவை. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், வெகு காலத்துக்கு முன்னே வந்தவர், மேல்வீட்டில் தனியே இருந்தார். ஃபக்ரறியில் கூட வேலை செய்த கயானாக்காரர் ஒருவர் நாட்டுக்குத் திரும்பிப் போனபோது இரண்டு ஆமைகளை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். பெரியது ஒரு சோற்றுப்பானை அளவு. சின்னது தேங்காய்ப் பாதியளவு. கறுத்த ஓடு, கால்களில் குங்குமம் தெறித்த மாதிரிச் சிவப்புச் செதில்கள்.

வீட்டின் தெற்குச் சுவரோடு அவற்றுக்குப் பட்டி கட்டியிருந்தார். மூன்று பக்கம் பலகை, நாலாவது பக்கம் எங்கள் சுவரும் யன்னலும். பலகைகளை ஒரு முழ ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கியிருந்தார், ஏனென்றால் "உவையள் கிண்டிக்கொண்டு போயிடுவினம்." பாதிப் பட்டிக்கு மேலே பிளாஸ்ரிக் தாள் கூரை. அதன்கீழ் ஈரச் சருகு, மண்ணோடு மட்டமாகப் பதித்த தண்ணீர்த் தட்டு. காலையும் மாலையும் குழாயால் தண்ணீர் தெளிப்பார். காய்ந்தால் ஓடு மேடு மேடாகப் போய்விடுமாம். மனிதன் வியர்த்துச் சாகிற ரொறன்ரோ ஜூலை அவற்றுக்குச் சொர்க்கம். தாளின் அடியில் தண்ணீர் துளிர்த்துச் சொட்ட, நாறிய வாழைப்பழ மணத்துக்குள் இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

பள்ளிக்கூட விடுமுறை. எனக்குச் சிநேகிதமென்று ஒருவரும் இல்லை. ஒருநாள் பயத்தை விழுங்கிக்கொண்டு பட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சும்மா நிக்காமல் உந்த மஞ்சள் பூக் களையைப் பிடுங்கிப் போடு" என்றார் வீட்டுக்காரர். அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன். சாப்பாட்டு நேரம் வந்தால் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு நிலத்தில் மூன்று தரம் தட்டுவார். டொக், டொக், டொக். கீழே எங்கள் கூரையில் கேட்கும். நான் ஓடுவேன். பப்பாப்பழம் வெட்டுவேன், இலை பிடுங்குவேன். அவர் என்னோடு கதைத்ததைவிட ஆமைகளோடு கதைத்ததுதான் அதிகம். "உவையள் ஆற்றையும் சோலிக்குப் போகாயினம். மனிசரைப் போலை இல்லை" என்பார். பிறகு இருமுவார்.

அம்மா இதை விரும்பவில்லை. "அந்த மனிசன் குளிர் வந்தால் உதுகளை வீட்டுக்குள்ளை எடுத்து வைக்குமாம். அதாலைதான் பெண்சாதி செத்துத் தனிச்சுப்போய்க் கிடக்குது, பார்" என்று என் காதில் ஓதுவார். அந்த மனைவி செத்து நாலு வருடத்துக்குப் பிறகுதான் ஆமைகளே வந்தன என்று அப்பா எனக்குச் சொன்னது நான் யூனிவர்சிற்றிக்குப் போன காலத்தில். தனிமைக்குத் துணையாக வாங்கிக்கொண்டவற்றைத் தனிமைக்குக் காரணமாக்கிவிட்டோம். அம்மா மட்டுமல்ல, அன்றைக்கு நானும் அதை நம்பினேன்.

ஆனால் பெரிய ஆமை ஏன் எப்போது பார்த்தாலும் எங்கள் யன்னலடியில் நிற்கிறது என்பதற்கு வீட்டுக்காரரிடமும் நல்ல பதிலில்லை. "உள்ளை பாக்க ஆசையாக்கும்" என்று மட்டும் சொன்னார். காலையில் நிற்கும். நான் சாப்பிடும்போது நிற்கும். நகத்தால் கண்ணாடியைச் சுரண்டும். சரக்... சரக்... அவசரமே இல்லாத சத்தம்.

ஓகஸ்ட்டில் ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் அப்பா யன்னலைத் திறந்து வலையை மட்டும் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் இடிமழை. மழை விட்டதும் அம்மா குசினியிலிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலை கிழிந்திருந்தது. கிழிசலுக்குள்ளால் சிவப்புப் புள்ளி போட்ட கால் ஒன்று எங்கள் அறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை, அசையவில்லை. சும்மா தொங்கியது.

அம்மா தும்புத்தடியின் நுனியால் அந்தக் காலை வெளியே தள்ளினார். பிறகு சுவருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தெளித்துக்கொண்டே என்னைக் கேட்டார், "கால் வந்தால் வந்த கணக்கோ? பிள்ளை, கால் மட்டும் தானே வந்தது?" பத்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்ட முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றைக்குப் பின்னேரமே அப்பா உள்பக்கமாக யன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு எங்களுக்குப் பகல் இல்லை, எப்போதும் ரியூப் லைற்தான்.

செப்ரெம்பர் கடைசியில் வழக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. அந்த விசாரணைக் கிழமையிலேயே வீட்டுக்காரரின் இருமல் முற்றி அவரை அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. ஸ்ரெச்சரில் கிடந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"குளிர் பத்துப் பாகைக்குக் கீழை இறங்கினால் ரெண்டு பேரையும் உள்ளுக்கை எடுத்துப்போடு. உன்னை நம்பித்தான் போறன். ஓமோ?"

"ஓம்" என்றேன்.

இரண்டு நாளில் குளிர் இறங்கியது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோன் எடுத்தார். அம்மாதான் கதைத்தார். "ஓம் அண்ணை. ஓம், ஓம். பாக்கிறன் அண்ணை. நீங்கள் சுகமா வாங்கோ." வைத்துவிட்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினார். எங்களுடைய 'ஓம்' இருக்கிறதே, அது இரண்டு வேலை செய்யும். செய்கிறேன் என்றாலும் ஓம்தான். நீ சொல்வது காதில் விழுகிறது என்றாலும் ஓம்தான். அந்த மனிதர் முதலாவதை எடுத்துக்கொண்டார். அம்மா சொன்னது இரண்டாவதை.

"அம்மா, உள்ளுக்கை எடுக்கட்டோ? மேல்வீட்டுத் திறப்பை அவர் தந்திட்டுத்தானே போனவர்."

"மேல்வீடெண்டால் என்ன, கீழ்வீடெண்டால் என்ன, எல்லாம் ஒரே கூரை. இன்னும் ரெண்டே நாள். ஹியரிங் முடியட்டும். அதுமட்டும் நீ உதுகளைத் தொடவும் கூடாது. கேட்டுதோ?"

அம்மாவை அரக்கி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய போர்வையைக் கொண்டுபோய்ப் பட்டிக்குள் இரண்டுக்கும் போர்த்திவிட்டார். சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி இடையில் வைத்தார். தன் நம்பிக்கைக்கு உட்பட்டு எவ்வளவு செய்யலாமோ அவ்வளவும் செய்தார்.

விசாரணைக்கு முதல் நாள் காலை நான் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டபோது அம்மா பட்டிக்குள் மண்வெட்டியோடு நின்றார். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. யன்னலடியில் தோண்டிய குழி.

"செத்துப்போச்சுதுகள்" என்றார், என்னைப் பாராமல். "கல்லு மாதிரிக் கிடக்குதுகள். நீ போ, பஸ் போயிடும்."

போனேன். கணக்கு வகுப்பில் மேசையில் தலையை வைத்து அழுதேன். ரீச்சர் வயிற்றுவலியென்று நினைத்து என்னைத் தாதியிடம் அனுப்பினார்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் லோயரோடு விசாரணைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு, கழுத்தில் தொங்கின திறப்பால் கதவைத் திறந்து தனியே உள்ளே வந்தேன். பின்னேரம் மூன்றரை இருக்கும். பாண் எடுத்து மாஜரின் பூசினேன். அப்போதுதான் கேட்டது.

டொக்.

தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று ஒரே சந்தோசம். அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஆனால் கூரையிலிருந்து வரவில்லை. கட்டிலுக்கு மேலே, பலகை அடித்த யன்னலுக்குக் கீழே, சுவரிலிருந்து வந்தது. டொக். பிறகு, சரக்... சரக்... அவசரமே இல்லாத அதே சத்தம்.

கட்டிலில் ஏறி நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று நீங்களும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள்தான் மண்ணுக்குள் குடியிருந்தோமே. அம்மா தோண்டிய குழி என் தலைக்குச் சற்று மேலே இருந்தது. சீமெந்தின் ஊடாக அந்தச் சுரண்டல் உள்ளங்கையில் தெரிந்தது.

ரீவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். அதையும் மீறிக் கேட்டது. கேட்டதோ, கேட்பதாக நினைத்தேனோ, தெரியாது. கடைசியில் செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளியே ஓடினேன். பட்டிக்குள் இறங்கி இரண்டு கையாலும் மண்ணைக் கிளறினேன். வெளிக்காற்று குளிர்ந்தாலும் மண் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கோடை முழுக்கக் குடித்த சூடு. முழங்கை வரை தோண்டியிருப்பேன். உள்ளே ரெலிபோன் அடித்தது.

ஓடிப்போய் எடுத்தேன். அப்பா.

"பிள்ளை! வென்றிட்டமடா! அங்கையே வைச்சுச் சொல்லிப்போட்டாங்கள். இனி ஒருத்தரும் எங்களை அனுப்பேலாது!" பின்னால் அம்மா விம்மி விம்மி அழுகிற சத்தம். அம்மா அப்படி அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்ப வெளியே போனேன். குழிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருப்பது வெளியே வந்தால், வந்து வீட்டைப் பார்த்து நடந்தால், அப்பா சொன்ன சொல் திரும்பிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் அழுகை காதுக்குள்ளேயே நின்றது. கிளறின மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். மூடிவிட்டு மேலே ஏறி மிதித்தேன். நன்றாக மிதித்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பாணைச் சாப்பிட்டேன்.

இதுதான் அது. நாற்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா கேசரி கிண்டினார். அப்பா யன்னல் பலகையைக் கழற்றினார், இனிப் பயமில்லையென்று. நான் சுவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. படுக்கப் போகும்போது கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி இழுத்து விட்டேன். புழுக்கமாக இருக்குது என்றேன். வெளியே நிலம் விறைக்கிற குளிர், ஆனாலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் இரண்டு கிழமை கழித்து, பாதி ஆளாக வந்தார். அம்மா விசயத்தைச் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை.

"குளிருக்கு உவையள் கல்லு மாதிரி விறைச்சுத்தான் கிடப்பினம், தங்கச்சி. சூடு பட்டால் எழும்பியிடுவினம். செத்தது எண்டு ஆர் சொன்னது?"

அவரே தோண்டினார். இருமி இருமி, நின்று நின்று. நான் யன்னலுக்கு உள்பக்கம் நின்று பார்த்தேன். அவருடைய முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. கடைசியில் வெளியே போய் எட்டிப் பார்த்தேன். சின்னது வைத்த இடத்திலேயே கிடந்தது. பெரியது ஒரு முழம் தள்ளி, சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தது. முன்னங்கால் நகங்கள் அடியோடு தேய்ந்திருந்தன.

"மேலை வரப் பாக்கேல்லை" என்றார், தனக்குத்தானே. "உள்ளை வரத்தான் பாத்திருக்கு. சூடு இஞ்சாலை எல்லோ."

அதற்குப் பிறகும் ஸ்நோ விழுகிற நாள் வரைக்கும் அந்த மனிதர் காலையும் மாலையும் வெறும் பட்டிக்குத் தண்ணீர் தெளித்தார். யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கூரையில் மூன்று தட்டுக் கேட்டது. பழக்கதோசத்தில் தட்டினாரோ, கதைக்கத்தான் கூப்பிட்டாரோ, நான் போகவில்லை. கிறிஸ்மஸுக்கு முன்னமே நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம். வீட்டுக்காரரிடம் போய் ஒரு சொல் சொல்லாமலே வந்தேன்.

இனி, போன மாதத்துக்கு வருகிறேன். அவள் கட்டிலைப் பற்றிக் கேட்டபோது அம்மா மூலைக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார் என்றுதானே எல்லோரும் நினைத்தோம். நீங்கள் போனபிறகு அவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். போர்வையை இழுத்துவிட்டுத் திரும்ப, கையைப் பிடித்தார்.

"அண்டைக்கு நான் மண்ணுக்குள்ளை தாட்டது செத்த சாமான் இல்லை, பிள்ளை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி நின்றேன்.

"மண்ணைப் போடேக்கை பெரியது காலை இழுத்தது. நான் கண்டனான். அடுத்தநாள் ஹியரிங். கண்ணை மூடிக்கொண்டு போட்டனான்."

"விடுங்கோம்மா. எந்தக் காலத்துக் கதை."

"சுவரைப் பிடிச்சு எழும்பத்தான் கட்டிலைச் சுவரோடை போடச் சொல்லுறன் எண்டு நினைச்சியோ? இவ்வளவு காலமும் சுவரிலை காதை வைச்சுத்தான் படுக்கிறன். எனக்கு ஒருநாளும் ஒரு சத்தமும் கேக்கேல்லை. கேக்க வேணும் எண்டுதான் பாத்துக்கொண்டு இருக்கிறன்." மூச்சு வாங்கினார். "உனக்குக் கேட்டதோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தூசி கூட்ட வசதி என்ற மாதிரி இன்னொரு பொய் நாக்கு நுனியில் நின்றது. எண்பத்துமூன்று வயது மனுசி, நிம்மதியாகப் படுக்கட்டுமே. ஆனால் அந்தக் கண்கள் என்னை விடவில்லை.

"ஓம்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். அழவில்லை.

"எனக்குத் தெரியும். ஹியரிங் முடிஞ்ச மறுநாள் காலமை பாத்தன், அந்த மண்ணிலை முழுக்க உன்ரை செருப்புத் தடம். மிதிச்சு மிதிச்சுக் கிடந்தது. வீட்டுக்காரர் வந்தால் காணுவார் எண்டு நான்தான் கூட்டி விட்டனான்."

நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். வெப்பக்குழாய் எங்கேயோ கிறீச்சிட்டு அடங்கியது. அம்மா சுவர்ப் பக்கமிருந்து என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"கட்டிலைக் கொஞ்சம் இழுத்து விடு, பிள்ளை" என்றார். "எனக்கும் இனிக் காணும், போதும்."

அவர் படுத்திருக்கவே, கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி இழுத்து விட்டேன்.